பத்து எண்ணிக்கை மௌனம்

பிப். 3, திங்கள்

காலையில் பனி. பாடாலூர் ஸ்டாப்பில் நின்றால் எதிர்ச் சாலையே தெரியவில்லை. லாரிகள் எல்லாம் விளக்கு போட்டுக்கொண்டு. பஸ் 8.50-க்குத்தான். பெரம்பலூர் வரை ஒற்றைக் காலில்.

இரண்டாவது மணி நாடகவியல். குறிப்புகள்:

— கிரேக்கம்: முகமூடி. கடைசி வரிசைக்கும் முகம் தெரிவதற்கு.
— தெருக்கூத்து: இரண்டு பேர் திரையைப் பிடிப்பார்கள். வேடம் பின்னால் நின்று ஆடிவிட்டுப் பிறகுதான் முகம் காட்டும்.
— ஸ்பெஷல் நாடகம்: ஒத்திகையே கிடையாது. ராஜா ஒரு ஊர், ராணி ஒரு ஊர். மேடையில்தான் சந்திப்பு. (நாங்கள் ஒத்திகை பார்த்தே இந்த லட்சணம்.)

பிறகு வாசுகி மேடம் (முழுப் பெயர் எழுதக் கை வலிக்கிறது, இனி வா.மே.) வேடங்களைச் சொன்னார். நாடகம் எங்கள் மூன்றாம் வருடத் தமிழ் வகுப்பு சேர்ந்து எழுதியது. 'பதினோராவது திங்கள்'. கதை இவ்வளவுதான்: அங்கம்மாள் என்ற பெண் வீட்டுமனைப் பட்டா கேட்டுப் பத்துத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்திருக்கிறாள். பத்து வாரமும் விரட்டல்தான். பதினோராவது வாரம் புது அதிகாரி. நாற்காலியில் உட்கார வைத்து, "சொல்லுங்கம்மா, என்ன வேணும்?" என்று கேட்கிறார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. அவளுக்குப் பேச்சே வரவில்லை. பத்து எண்ணும் வரை மௌனம். பிறகு, "ஒன்னும் வேணாங்க, சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்று எழுந்து போகிறாள். விளக்கு அணைகிறது.

21-ம் தேதி அரியலூரில் போடுகிறோம். மகளிர் குழுக் கூட்டம், மண்டபத்தில்.

பழைய அதிகாரி, புது அதிகாரி இரண்டும்: அஸ்லம். அங்கம்மாள்: மலர்விழி. எனக்கு வேடம் இல்லை. திரை ஓரம் நோட்டோடு நின்று, யாராவது வசனத்தை மறந்தால் எடுத்துக்கொடுக்க வேண்டும்.

"சங்கீதாவுக்குத்தான் எல்லாரு வசனமும் மனப்பாடம். வேற யாரப் போடறது?" என்றார் வா.மே.

எல்லாம் தெரிந்ததால் ஒன்றும் கிடைக்கவில்லை.

பிப். 5, புதன்

மதியம் செமினார் ஹாலில் பெஞ்சுகளை ஒதுக்கி, தரையில் சாக்பீஸால் மேடை வரைந்தோம். நாற்காலிக்கு ஒரு குறி, மேசைக்கு நான்கு. மேடை வலது என்றால் நடிப்பவருக்கு வலது, பார்ப்பவருக்கு இடது. அஸ்லம் மூன்று தடவை எதிர்ப் பக்கம் போனான்.

"மேடம், நான் சாப்பிடற கைப் பக்கந்தானே?"

"ஆமாப்பா. அதையே ஞாபகம் வெச்சுக்க."

அதற்குப் பிறகு தப்பவில்லை. நடக்கும் முன் கையை வாய்க்கருகே கொண்டுபோய்ப் பார்த்துக்கொள்கிறான்.

என் வேலைக்கான விதிகள்: நடிகர் நின்றால் மனதுக்குள் மூன்று எண்ண வேண்டும். பிறகு முதல் இரண்டு சொல் மட்டும். மெதுவாக, அவர் காதுக்கு மட்டும். அங்கம்மாள் மௌனத்தில் எக்காரணம் கொண்டும் கொடுக்கக் கூடாது. நோட்டில் சிவப்பு மையில் எழுதிக்கொண்டேன்: 'மௌனம். 10. வாயை மூடு.'

மலர் மூன்று வருடமாக என் பெஞ்சு. ஊர் விக்கிரமங்கலம், இருப்பது ஹாஸ்டல். ஒரு நாளைக்கு அவள் பேசுவது இருபது வார்த்தை. மிச்சத்தை நான் பார்த்துக்கொள்வேன். இன்று தானாகவே வாயைத் திறந்தாள்.

"எம்.ஏ. நாடகத்துக்குப் போடப்போறேன். நடிச்ச வீடியோ ஒன்னு அனுப்பணுமாம். அரியலூர்ல எடுத்து அனுப்பிரலாம்னு மேடம் சொன்னாங்க."

"வூட்ல?"

"அண்ணன் சரின்னுருச்சு."

அதே விண்ணப்பம் ஒரு வாரமாக என் போனிலும் இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. திரைக்குப் பின்னால் நிற்பவளை வீடியோ எடுத்தால் கறுப்புத் துணிதான் தெரியும். நல்லாப் பண்ணுடி என்றேன். சொன்னது உண்மை மாதிரியே இருந்தது.

பிப். 6, வியாழன்

வெயில். ஹாலில் சுற்றுவது ஒரு ஃபேன். முதல் முழு ஒத்திகை. பார்க்க இரண்டாம் வருடம் முப்பது பேர்.

மலர் நன்றாகச் செய்தாள். நன்றாக என்பது போதாது. மனுவை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அவள் வந்து நின்றபோது இரண்டாம் வருடத்துப் பையன்களே கப்சிப். அதிகாரி கேட்டான். அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். மௌனம் தொடங்கியது. நான் எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஹாலே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான்கு, ஐந்து. நான் இருட்டில். ஆறு.

"ஒன்னும் வேணாங்க" என்று எடுத்துக்கொடுத்தேன். காதுக்கு மட்டும் இல்லை, கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரி.

ஹால் முழுக்கச் சிரிப்பு. மலர் திடுக்கிட்டு என் பக்கம் திரும்பி, அதிகாரிக்குச் சொல்ல வேண்டிய வசனத்தை என்னிடம் சொன்னாள்.

"என்ன சங்கீதா இது?"

"மறந்துட்டான்னு நெனச்சேன் மேடம்."

"பரவால்ல மேடம், நான்தான் ரொம்ப நேரம் நின்னுட்டேன் போல" என்றாள் மலர். எனக்காக.

இதை இங்கேயாவது எழுதிவிட வேண்டும். அவள் மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆறு என்று எண்ணிக்கொண்டேதான் கொடுத்தேன். பொறாமை. இதைவிடக் கௌரவமான சொல் ஏதாவது இருக்கிறதா என்று பஸ் முழுக்க யோசித்தேன். இல்லை.

இரவு தோசை, தக்காளிச் சட்னி. "என்னா, பேச்சக் காணோம்?" என்றார் அப்பா. தலைவலி என்றேன்.

பிப். 7, வெள்ளி

மலருக்கு ஏதோ ஆகிவிட்டது. ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் திரை ஓரம் பார்க்கிறாள். மௌனம் வந்தால் இரண்டு, மூன்று, அதற்குள் வசனத்தை அவிழ்த்துக் கொட்டிவிடுகிறாள். வா.மே. மூன்று தடவை திருப்பிச் செய்யச் சொன்னார். நான்காவது தடவை அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"மேடம், சங்கீதாவப் போடுங்க. அவளுக்கு எல்லாம் தெரியும். நான் எடுத்துக் குடுக்கறேன்."

வா.மே. காலண்டரைப் பார்த்தார். "ரெண்டு வாரந்தான் இருக்கு. சங்கீதா, பண்ணுறியா?"

வேண்டாம் மேடம் என்று சொல்லியிருக்க வேண்டும். சரிங்க மேடம் என்றேன். கேட்டு முடிப்பதற்குள்.

பஸ்ஸில் ஜன்னல் சீட். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் எழுதுவானேன். சிறுவாச்சூர் தாண்டும் வரை இருந்தது. அதற்குப் பிறகு மலர் நாற்காலியில் உட்கார்ந்த விதம் ஞாபகம் வந்துவிட்டது.

பிப். 8, சனி

துணி துவைத்தது. தலைக்குக் குளித்தது. அம்மாவின் பழைய நூல் புடவை கட்டி, கண்ணாடி முன் மௌனத்தைப் பழகிப் பார்த்தேன். நான்கில் வாய் தானாகத் திறக்கிறது. திரும்பவும். நான்கு. கதவைச் சாத்திவிட்டு. ஐந்து.

எங்கள் வீடு அப்பாவின் பஞ்சர் கடைக்குப் பின்னால். முன்னால் ஹைவே. காற்றடிக்கிற மெஷின் சத்தத்தில் கத்திப் பேசியே வளர்ந்தவள் நான். சும்மா இருக்க யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அம்மா எட்டிப் பார்த்து, "என்னாத்துக்கு கண்ணாடியப் பாத்து மொறச்சுக்கிட்டு நிக்கிற? ஒடம்புக்கு முடியலையா?" என்றாள்.

பிப். 10, திங்கள்

நான் அங்கம்மாள். வசனம் ஒரு எழுத்து பிசகவில்லை. மௌனம்: நான்கு. திரும்ப: ஐந்து. மூன்றாவது தடவை ஐந்தில் "வந்துங்க..." என்று நானே ஒன்றைச் சேர்த்தேன். அதிகாரி இருமினான். சிரிப்பை அடக்குகிறான் என்று எல்லோருக்கும் தெரியும்.

வா.மே. எழுந்து வந்தார். "நீ சும்மா இருக்கல. அடுத்த வசனத்துக்குக் காத்துக்கிட்டு இருக்க. அது கண்ணுல தெரியுது."

திரை ஓரத்தில் மலர், என் நோட்டோடு. நான் மௌனத்தில் நின்றபோதெல்லாம் அவளும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். எனக்காகப் பயந்துகொண்டு. முடிந்ததும் வந்து, "நாளைக்கு வந்துரும்டி" என்றாள். அதை என்னால் தாங்கவே முடியவில்லை. திட்டியிருந்தால் மத்தியானச் சாப்பாடாவது இறங்கியிருக்கும்.

"உன்னோட எம்.ஏ. என்ன ஆச்சு?"

"வீடியோ இல்லாம என்னத்தப் போடறது? விட்டுட்டேன்."

"அடுத்த வருசம்?"

"அதுக்குள்ள வூட்ல மாப்ள பாத்துருவாங்க" என்று சாம்பார் ஊற்றிக்கொண்டாள். மழை வரும் போலிருக்கிறது என்பதைச் சொல்கிற மாதிரி.

பிப். 11, செவ்வாய்

தைப்பூசம், லீவு. அம்மா கோயிலுக்கு. நான் வரவில்லை என்றேன். சாமியிடம் போய் இதை வேறு சொல்ல வேண்டும்.

சொன்னால்: மலர் என்னோடு பேசமாட்டாள். வா.மே. மார்க்கில் கை வைப்பார். வேடம் போகும். வகுப்பில் காறித் துப்புவார்கள்.

சொல்லாவிட்டால்: யாருக்கும் தெரியாது.

அந்த இரண்டாவது வரியைத்தான் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுடைய எம்.ஏ. இதில் எந்தப் பட்டியலிலும் இல்லை என்பது சாயங்காலம்தான் உறைத்தது. இரண்டிலும் நான் எழுதியது என்னைப் பற்றி மட்டும்.

பிப். 12, புதன்

சொல்லிவிட்டேன்.

மதிய இடைவேளை, தண்ணீர்க் குழாய். மலர் பாட்டில் பிடித்துக்கொண்டிருந்தாள். பின்னால் நான்கைந்து பேர் வரிசை. வேறு இடம் பார்த்துச் சொல்லலாம் என்றால் அதற்குள் தைரியம் ஓடிவிடும்.

"அன்னிக்கு ஒத்திகைல நீ மறக்கல. தெரிஞ்சுதான் குடுத்தேன்."

குழாயை மூடினாள். மூடியைத் திருகினாள்.

"எண்ணிட்டா குடுத்த?"

"ஆமா. ஆறு."

"ஆறா" என்றாள். அவ்வளவுதான். போய்விட்டாள். மத்தியான வகுப்பில் ஜன்னல் பக்கப் பெஞ்சில் உட்கார்ந்தாள். என் பெஞ்சில் என் பை மட்டும்.

அழுகை வந்தது. அழ என்ன உரிமை என்றும் வந்தது. இரண்டும் சேர்ந்து தும்மலாகப் போய்விட்டது. பின்னாலிருந்து எவனோ கர்ச்சீப் நீட்டினான்.

பிப். 13, வியாழன்

வா.மே.யிடமும் சொன்னேன். பேப்பர் திருத்திக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. நான்கு மார்க் குறைப்பேன் என்றார். பிறகு:

"வேடத்த என்ன பண்ணப்போற?"

"மலருக்கே குடுத்தர்றேன் மேடம்."

"குடுக்கறதுக்கு அது உங்கிட்ட இல்ல. அவ வருவாளான்னு போய்க் கேளு. எங்கிட்ட சொல்லிட்டா முடிஞ்சுதா?"

முடியவில்லை. கேட்கப் போனால் மலர் லைப்ரரி, மலர் கம்ப்யூட்டர் லேப், மலர் பாத்ரூம்.

பிப். 14, வெள்ளி

ஹாஸ்டல் வாசல், சாயங்காலம் ஐந்து. வார்டன் அக்கா என்னை மேலும் கீழும் பார்த்து, "பேசிட்டு சீக்கிரம் அனுப்பும்மா" என்றார். மலர் வந்தாள். ஈரத் தலை, துண்டு.

மன்னிப்புக் கேட்க நான்கு வாக்கியம் தயார் பண்ணி வைத்திருந்தேன். முதல் வாக்கியத்திலேயே கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அன்னிக்கு எல்லாரும் சிரிச்சப்பக்கூட, நீ இருக்கன்னுதான் நின்னேன். இப்ப நீ சைடுல நின்னா எனக்கு முதுகு கூசும்."

நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இதைக்கூடச் சாதனையாக எழுதுகிறேன் பாருங்கள்.

"நடிக்கிறேன். எனக்கு வீடியோ வேணும். ஆனா நீ அங்க நிக்கக் கூடாது."

"வேற யாரு நிப்பா?"

"யாரும் வேணாம்."

"மறந்துட்டா?"

"மறந்துட்டா மறந்துட்டுப் போறேன். நீ முன்னால ஜனத்தோட ஒக்காந்துக்க."

ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தேன். அவள் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. பேச வைத்தது இந்தக் காரியம்தானா என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பிப். 17, திங்கள்

எடுத்துக்கொடுக்க ஆள் இல்லாமல் ஒத்திகை. மலர் மௌனம்: ஐந்து, ஆறு, ஆறு. ஆறு வந்ததும் வசனத்துக்குத் தாவிவிடுகிறாள். ஆறு என்ற எண்ணையே நான் கெடுத்துவிட்டேன்.

என் வேலை இப்போது சாமான்:
— நாற்காலி 2 (கை வைத்தது அதிகாரிக்கு)
— மனுத் தாள் 6, கசக்கியது
— மேசைத் துணி, பச்சை
— புடவை, இஸ்திரி கூடாது
— ஊக்கு ஒரு அட்டை
— ஃபோகஸ் லைட் 2, மண்டபத்தில் இருக்கிறதா என்று போன் போட்டுக் கேட்க வேண்டும் (இருக்கிறதாம், ஒன்று எரியாதாம்)

பிப். 19, புதன்

கடைசி ஒத்திகை. ஒன்பது வரை போனாள். வா.மே. போதும் என்றார். நான் ஹாலின் கடைசியில், தரையில்.

போகும்போது மலர் என்னிடம் வந்து, "ஊக்கு இருக்கா?" என்றாள். அட்டையோடு கொடுத்தேன். ஒன்றை எடுத்துக்கொண்டு அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். ஐந்து நாளில் முதல் பேச்சு. பாடாலூரில் இறங்க மறந்து அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வந்தேன்.

பிப். 21, வெள்ளி

காலை ஏழரைக்குப் பெரம்பலூர். அங்கிருந்து அரியலூர் பஸ். வழியெல்லாம் சிமெண்ட் லாரி. மேசைத் துணி என் மடியில், பச்சை நிறம் போய்ச் சாம்பல். தட்டித் தட்டிப் பார்த்தேன், வா.மே. "விடு, ஆபீஸ் துணி அப்படித்தான் இருக்கும்" என்றார்.

மண்டபத்தில் முந்நூறு பெண்கள் இருப்பார்கள். கூட்டம் முடிந்து காபி வந்த நேரத்தில்தான் எங்களை ஏற்றினார்கள். டம்ளர் சத்தம், பிள்ளைகள் அழுகை, யாரோ யாரையோ கூப்பிடுகிற சத்தம். அஸ்லம் பிஸ்மி சொல்லி, சாப்பிடும் கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டு மேடையேறினான். போனை ஸ்டாண்டில் வைத்து வீடியோவை ஓட விட்டார் வா.மே. நான் மூன்றாவது வரிசை. பக்கத்தில் மஞ்சள் பையோடு ஓர் அக்கா, கல்லங்குறிச்சியாம். திங்கட்கிழமை மனு கொடுக்கப் போய்ப் போய்ச் செருப்புத் தேய்ந்த கதையை, நான் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தார்.

நாடகம் தொடங்கிய மூன்றாவது நிமிஷம் அந்த அக்கா பேச்சை நிறுத்திவிட்டார். ஐந்தாவது நிமிஷம் மண்டபமே. விரட்டுகிற காட்சியில் பின்னாலிருந்து ஒரு அம்மா அஸ்லமைப் பார்த்து, "நல்லா இருப்பியா நீ?" என்றார். அவன் புது அதிகாரியாகச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தபோதும் யாரும் நம்பவில்லை.

"சொல்லுங்கம்மா, என்ன வேணும்?"

மலர் வாயைத் திறந்தாள், மூடினாள்.

இதுவரை ஓரத்திலிருந்து அவள் காதையும் கொண்டையையும்தான் பார்த்திருக்கிறேன். கடைசி ஒத்திகையில் தூரத்திலிருந்து. இப்போது முகம். எரிகிற ஒற்றை விளக்கு நேராக அவள் மேல். எண்ண நினைத்தேன். எண் வரவில்லை.

பக்கத்து அக்கா மெதுவாக, "சொல்லேம்மா" என்றார். பிறகு சத்தமாக, "சொல்லு தாயி. கேக்கறாருல்ல. தைரியமாச் சொல்லு." பின்னாலிருந்து இன்னொருவர், "சொல்லும்மா, பயப்படாத." நாலா பக்கமும்.

அந்த அக்காவின் கையைப் பிடித்துவிட்டேன். போச்சு, திரும்பவும் கலைந்தது, வீடியோவில் எல்லாம் பதியும் என்று. அக்கா என் கையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணில் தண்ணீர். நான் அன்று செய்ததும் இதுவும் ஒன்று இல்லை. நான் அவளைக் கீழே இறக்கப் பேசினேன். இவர்கள் அவளைத் தாங்கப் பேசுகிறார்கள்.

மலர் அசையவில்லை. திரை ஓரம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு அதிகாரியை விட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பி, நோட்டில் இல்லாத ஒன்றைச் சொன்னாள்.

"ஒன்னும் வேணாங்க. நான் வந்துட்டுப் போனேன்னு எழுதிக்கிட்டாப் போதும்."

எழுந்து போனாள். விளக்கு அணைந்தது. கைதட்டல் வந்தபோது அக்கா தட்டவில்லை, என் கையை விட்டால்தானே.

வா.மே. வீடியோவைப் பார்த்துவிட்டு, "அந்தம்மாவோட சத்தமும் இருக்கட்டும், வெட்ட வேணாம். நாளைக்கே அனுப்பிரு" என்றார் மலரிடம்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம். சாமான் மூட்டையோடு பின்படியருகே நின்றேன். மலர் முன்னாலிருந்து நகர்ந்து நகர்ந்து வந்து, மூட்டையின் மறு முனையைப் பிடித்துக்கொண்டாள். முகத்தில் இன்னும் பவுடர்.

"அந்த வசனம் எப்ப யோசிச்ச?" என்றேன்.

"யோசிக்கல. மறந்துட்டேன்டி. சுத்தமா. தலைல ஒன்னும் இல்ல."

"நெசமாவா?"

"ஓரத்துல உன்னத் தேடுனேன். ஆளில்ல."

பஸ் ஒரு லாரிக்கு ஒதுங்கி நின்றது. கிளம்பியது. அப்புறம் சொன்னாள்:

"அடுத்த தடவ அங்கயே நில்லு. எடுத்துக் குடுக்காத. சும்மா நில்லு."